கேட்ட படி

எங்கள் தொழிலில் "நாளைக்கு ரசமட்டம் வருது" என்று யாராவது சொன்னால், கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் அந்தச் சின்னக் கருவியை யாரும் நினைப்பதில்லை. கட்டி முடித்துப் புழக்கத்துக்கு வந்துவிட்ட பொதுக் கட்டடங்களைப் போய்ப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கொடுக்கும் ஓர் அம்மாவைத்தான் நினைப்போம். மயிரிழை சாய்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் முன்னால் யாரும் அந்தப் பட்டப்பெயரைச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாது என்று யாரும் நம்பியதும் இல்லை.

இந்த முறை அவர் வருவது என் கட்டடத்துக்கு.

நகர நூலகம். பல வருடம் வேறொருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேறொருவர் பெயரில் வரைந்துகொண்டிருந்த நான், என் பெயரில் வரைந்து, கூடவே நின்று கட்டிய முதல் கட்டடம். திறந்து ஓராண்டு ஆகிறது. ஓராண்டு ஆனதும் மதிப்பீடு செய்வது வழக்கம்தான், அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. குழந்தைகள் கூடத்தில் நான் கட்டிய படிகளை இடித்துவிட்டு அங்கே அலமாரி போட வேண்டும் என்று நூலகரே நிர்வாகக் குழுவிடம் கேட்டிருந்தார். மதிப்பீட்டில் என்ன வருகிறதோ அப்படியே செய்வது என்று குழுவும் முடிவெடுத்துவிட்டது.

அந்தப் படிகளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கூடத்தின் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து உயரத்தில் இருக்கும் சன்னல் வரைக்கும், அகல அகலமாக ஏறும் மரப் படிகள். ஓர் ஓரத்தில் மட்டும் ஏறி இறங்கச் சின்னப் படிகள். மற்றதெல்லாம் உட்காரவும் சாயவும் குப்புறப் படுத்துப் படிக்கவும். ஏறிப் போனால் மேலே கதவு கிடையாது, மாடி கிடையாது. கட்டடக் கலை இதழ் ஒன்று அதன் படத்தை அட்டையில் போட்டு, "எங்கும் போகாத படிகள்" என்று தலைப்புக் கொடுத்தது. அந்த அட்டையை நான் சட்டம் போட்டு மாட்டவில்லை. மாட்டாமல் இருப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமை அப்படித்தான், ஒரு கதவைச் சாத்தினால் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காலையில் அக்கா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"என்ன மேஸ்திரி, இன்னிக்குப் பரீட்சையா?"

அக்கா தையல்காரி. எங்கள் வீட்டில் முன்னறை அவள் கடை, பின்னறை என் வரைபட மேசை, நடுவில் இருக்கும் கொஞ்ச இடத்தில் சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம். நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு நான் மேஸ்திரிதான்.

"பரீட்சை எனக்கில்லக்கா. கட்டடத்துக்கு."

"கட்டடம் நல்லாத் தூங்கியிருக்கும். நீதான் எழுந்து எழுந்து தண்ணி குடிச்சுக்கிட்டிருந்த."

என் மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "பெரியம்மா, அம்மா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தாங்க. 'படி என்பது வெறும் படி அல்ல'ன்னு."

"அடிப்பாவி, நீ முழிச்சிருந்தியா?"

"வெறும் படி இல்லன்னா பின்ன என்னவாம், ஏணியா?" அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "இங்க பாரு. சட்டையைப் போட்டுப் பாத்தவ, அக்குள்ல பிடிக்குதுன்னு வந்து நின்னா, நான் துணியோட பெருமையப் பேசிக்கிட்டிருப்பனா? கழட்டிக் குடு, பிரிச்சுத் தரேன்னுதான் சொல்வேன். வாயைக் குறை."

"பிரிச்சுத் தைக்க அது சட்டையாக்கா? கட்டடம்."

"அப்ப முதல்லயே ஒழுங்கா அளவெடுத்திருக்கணும்."

சுருக்கென்றது. அந்தப் படிகளுக்கு அளவெடுத்ததைப் போல என் வாழ்க்கையில் எதற்கும் எடுத்ததில்லை. ஒட்டுப் பலகையில் மாதிரிப் படிகள் செய்து வாசலில் போட்டு, தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தேன். உட்கார்ந்தால் கால் தொங்கக் கூடாது. சாய்ந்தால் மேல்படியின் விளிம்பு முதுகில் குத்தக் கூடாது. பின்னால் உட்கார்ந்திருப்பவனின் கால் முன்னால் இருப்பவளின் சடையில் படக் கூடாது. மூன்று தரம் அறுத்து மாற்றிய தச்சர், "அம்மா, நீங்க படி கட்டறீங்களா, பல்செட் கட்டறீங்களா?" என்று கேட்டார். அக்காவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் சீண்டுகிறாள். சீண்டினால் நான் அழாமல் கிளம்புவேன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் ரசமட்டம் என் கட்டடத்துக்குள் நுழைந்தபோது மேலே பார்க்கவில்லை. உள்ளே வருகிற எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள், பார்க்க வேண்டும் என்றுதான் கூரையை அப்படி உயர்த்தியிருந்தேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். ஒல்லியான உடம்பு, சத்தம் வராத துணிச் செருப்பு, தோளில் ஒரு தொங்கு பை. நான் வரைபடச் சுருளை நீட்டினேன்.

"வேண்டாம்மா. அது நீங்க நினைச்சது. நான் நடந்ததைப் பாக்க வந்திருக்கேன்."

"சில விஷயங்களை விளக்கிச் சொன்னா..."

"நான் கேட்டாச் சொல்லுங்க. அதுவரைக்கும் பேசாம கூட வாங்க, போதும்."

கண்ணாடி முன் ஒத்திகை பார்த்ததையெல்லாம் வரைபடத்தோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டேன்.

அவர் முதலில் தேடியது ஒட்டிய காகிதங்களை. "ஜனங்க சுவர்ல எதை ஒட்டியிருக்காங்கன்னு பாத்தாப் போதும். கட்டடம் சொல்ல மறந்ததையெல்லாம் அவங்க பசை தடவிச் சொல்லியிருப்பாங்க." நுழைவாயில் கதவில் ஒரு காகிதம்: "தள்ளாதீர், இழுங்கள்." தூணில் ஓர் அம்புக்குறி: "கழிப்பறை இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இல்லை." மின்விசைப் பலகையின் மேல், எந்த விசை எந்த விளக்குக்கு என்று நெருக்கி எழுதிய ஒரு பெரிய தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் அவர் நின்று எழுதும்போது, பக்கத்து வீட்டார் முன்னால் என் வீட்டு அழுக்குத் துணியை யாரோ உதறுவது போல இருந்தது.

பெரிய வாசிப்புக் கூடத்தில் அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு காகிதமும் இல்லை.

"இங்க ஏன் ஒண்ணுமே இல்ல? 'அமைதி காக்கவும்' கூட இல்ல?"

கேட்டது என்னை இல்லை, தன்னைத்தான். பதிலையும் அவரே தேடினார். கதவருகே போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் புத்தகம் கொடுக்கும் மேசை தெரிகிறது. மேசையருகே நின்றால் அலமாரிகளின் தலைப்புகள் தெரிகின்றன. அலமாரியிலிருந்து திரும்பினால் சன்னலோரத்து இருக்கைகள் தெரிகின்றன. யாரும் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கூரை வாசலில் உயர்ந்து, படிப்பவர்களின் தலைக்கு மேல் தாழ்ந்து வருவதால், உள்ளே வருகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அவர் இரண்டு முறை வெளியே போய் உள்ளே வந்து பார்த்தார். இரண்டாவது முறை, ரசமட்டமே ஏதோ சொல்ல வாயெடுத்து, குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியது அவருக்கே தெரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மேற்கு மூலையில் அந்தப் பூரிப்பு இறங்கியது. அங்கே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்திருந்தேன். வெளியே மரங்கள், சாயங்கால வானம். 'செலவு' என்று குழு முரண்டு பிடித்தபோது மல்லுக்கு நின்று வாங்கிய சன்னல் அது. இப்போது அங்கே ஒருவரும் இல்லை. நாற்காலிகளெல்லாம் இழுபட்டு நிழலுக்குப் போயிருந்தன. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் யாரோ செய்தித்தாளை ஒட்டியிருந்தார்கள்.

ரசமட்டம் ஒரு நாற்காலியை வெயிலுக்கே திரும்ப இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"நீங்க இங்க உக்காந்து பாத்தீங்களாம்மா?"

"கட்டும்போது தினமும் வருவேன் மேடம்."

"கட்டும்போது நின்னுக்கிட்டிருந்திருப்பீங்க."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து நாற்காலியை நிழலிலேயே கொண்டுபோய் வைத்தார்.

குழந்தைகள் கூடத்துக்குப் போனபோது நூலகரம்மா வாசலிலேயே காத்திருந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து ஆங்கிலச் சொல் வராது. தவறி வந்தால் வாய் கொப்பளித்துவிடுவார் என்று அவருடைய உதவியாளர்களே கேலி செய்வார்கள். கணினி, குளிரூட்டி, மின்தூக்கி. காப்பிக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார். "அதுக்கும் தமிழ்ல ஒரு பேரு இருக்கு, ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் குடிச்சா ருசி போயிடுது" என்பார். ஓராண்டாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போய்விடுவார். படிகளை இடிக்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதிய பிறகு, பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

பள்ளி விட்ட நேரம். படிகள் நிறையப் பிள்ளைகள். ரசமட்டம் கூடத்தின் நடுவில் போய் நின்று ஒரே ஒரு முறை பளீரென்று கை தட்டினார். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து இரண்டு பேர் பதிலுக்குத் தட்டினார்கள். ரசமட்டம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"எதிரொலியே இல்லையே. இவ்வளவு உயரக் கூடம், இத்தனை வாண்டுங்க. சத்தமெல்லாம் எங்க போகுது?"

"படிக்குள்ள மேடம்." என் குரலில் துள்ளல் வந்துவிட்டது. "ஒவ்வொரு படியோட முன்பக்கப் பலகையிலயும் பொடிப் பொடியாத் துளை போட்டு, உள்ள பஞ்சு அடைச்சிருக்கோம். சத்தம் உள்ள போனா திரும்பி வராது."

அவர் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துளைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி. இப்பப் பேசலாம். இந்தப் படிங்க எப்படி வந்துச்சு?"

நான் தயாராக இருந்த கேள்வி. நிமிர்ந்து நின்றேன்.

"நூலகரம்மாதான் மேடம் காரணம். முதல் கூட்டத்துலயே சொன்னாங்க. பழைய நூலகத்துல பிள்ளைங்க பகுதி மாடியில இருந்துச்சு, போறதுக்கு ஒரே ஒரு குறுகலான படிக்கட்டு. 'படி பத்தலம்மா. பிள்ளைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுறாங்க. புதுக் கட்டடத்துல எவ்வளவு படி முடியுமோ அவ்வளவு படி வேணும்'னு சொன்னாங்க. எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. பாதுகாப்புக்குன்னு கேக்கறவங்க ஒரு படிக்கட்டு அகலமா வேணும்னுதான் கேப்பாங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவுன்னு யார் கேப்பா? அந்தப் பேச்சைத்தான் நான் அப்படியே கட்டினேன்."

நூலகரம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அம்மா, ஓராண்டா இதைச் சொல்லணும்னு இருக்கேன். நான் கேட்டது படி."

"ஆமாம்மா, படி."

"இந்தப் படி இல்ல. படி. புத்தகத்தோட படி. ஒரு கதைப் புத்தகம் வந்தா ஒரே ஒரு படிதான் வாங்கித் தர்றாங்க. அதுக்குப் பிள்ளைங்க விழுந்து பிடுங்கிக்குதுங்க. நிறைய படி வாங்கினா வைக்க இடம் வேணும், அதுக்கு வழி பண்ணுங்கன்னு கேட்டேன்."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. ரசமட்டத்துக்குத்தான் முதலில் புரிந்தது.

"காப்பியா?"

"காப்பி குடிக்கிறது," என்றார் நூலகரம்மா தன்னையறியாமல்.

"ஆனா நான் வரைபடம் காட்டினேனே! பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டீங்களே!"

"வரிசை வரிசையாக் கோடு போட்டு, மேல 'படிகள்'னு எழுதியிருந்தீங்க. அலமாரி வரிசைன்னு நினைச்சேன். அடடா, எத்தனை வரிசை, சொன்னதை ஒழுங்காக் காதுல வாங்கினது இந்தப் பொண்ணு ஒருத்திதான்னு சந்தோஷமாப் போட்டேன்."

ரசமட்டத்துக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் தொழிலில் அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. என்னிடம் யாராவது அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"அப்ப ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன். என் குரல் எனக்கே சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டது.

"எப்பச் சொல்ல? திறப்பு விழா மேடையில 'நூலகரம்மா கேட்டபடியே கட்டியிருக்கோம்'னு நீங்க சொல்றீங்க. கூட்டம் கை தட்டுது. எழுந்து நின்னு, நான் கேட்ட படி இது இல்லன்னு சொல்லவா? அன்னிலேருந்து பாக்கறவங்கல்லாம் 'என்னா தொலைநோக்கும்மா உங்களுக்கு'ங்கறாங்க. செய்யாத காரியத்துக்குப் பாராட்டு வாங்கறது அடுத்தவ செருப்பைப் போட்டுக்கிட்டு நடக்கற மாதிரிம்மா. ஓராண்டா கடிக்குது."

சிரிக்க வேண்டிய இடம் அது. ரசமட்டமே சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை. மேடைகளில் நான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு நூலகரின் ஏக்கம், அதைக் கேட்ட ஒரு காது, அதிலிருந்து பிறந்த வடிவம். கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். நெகிழ்ந்தவர்களைப் பார்த்து நான் நெகிழ்ந்தேன். மற்றவர்கள் கட்டடத்தைக் கட்டிவிட்டு மனிதர்களைத் தேடுகிறார்கள், நான் மனிதர்களைக் கேட்டுவிட்டுக் கட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு சின்ன சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தேன். அதன் கால், ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதில் நின்றிருக்கிறது.

"இடிச்சிடலாம் மேடம்," என்றேன். "அவங்க கேட்டதையே போட்டுடலாம்."

ரசமட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கோவத்துல சொல்றதை நான் எழுதறதில்லம்மா. போய் அங்க உக்காருங்க. நானும் இவங்களும் அந்தக் குடிக்கிறதைக் குடிச்சிட்டு வர்றோம்."

போய் உட்கார்ந்தேன். திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தப் படிகளில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வந்து நின்று படம் எடுத்திருக்கிறேன், விருந்தினர்களுக்குக் காட்டியிருக்கிறேன். உட்காரவில்லை.

முதலில் தோன்றியது அழுகை. அது எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். படிகள் போகப் போகின்றன என்றா? அப்படியென்றால் இத்தனை பிள்ளைகளும் எங்கே போய் உட்காரும் என்றல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? தோன்றவில்லை. இனி மேடையில் என்ன சொல்வேன் என்றுதான் தோன்றியது. நான் துக்கப்பட்டது படிகளுக்காக இல்லை, அவற்றைப் பற்றி நான் சொல்லிவந்த கதைக்காக. இதைக் கண்டுகொண்டதும் அழுகை வெட்கப்பட்டு நின்றுவிட்டது.

எனக்கு இரண்டு படி கீழே ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருந்தார். கால்சட்டையிலும் காது மடலிலும் சுண்ணாம்பும் பச்சை வண்ணமும். பெயின்டர் போல. மடியில் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு கதைப் புத்தகம், சிறு பிள்ளைகளுக்கானது. விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வா... லை... ப் ப... லம்."

பக்கத்தில் குப்புறப் படுத்துத் தன் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, தலையைத் திருப்பாமலே சொன்னாள். "வாழைப்பழம். ழ. நாக்கை மடிங்க மாமா."

"மடிச்சேனே."

"எங்க மடிச்சீங்க? காட்டுங்க."

அந்த ஆள் வாயைத் திறந்து காட்டினார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் உள்ள" என்றாள். அவர் இன்னும் உள்ளே மடித்தார். "வாழ்..." "ம். அடுத்தது." அவள் தன் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள். மேல்படியில் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். சுவரோரம் ஓர் அம்மா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தனக்கென்று ஒரு நாவலை எடுத்து வந்து படித்துக்கொண்டிருந்தார். பெயின்டரை யாரும் பார்க்கவில்லை. இத்தனை பேர் பேசியும் என் காதில் விழுந்தது அந்த இரண்டு குரல்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் பலகைத் துளைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் சாய்ந்தேன். மேல்படியின் விளிம்பு சரியாக என் தோள்பட்டைக்குக் கீழே வந்து தாங்கியது. அந்த விளிம்பை உருட்டச் சொன்னது நான். உயர்ந்த சன்னலை வடக்கே திருப்பியது நான். அதனால்தான் இந்த நேரத்திலும் புத்தகப் பக்கத்தின் மேல் வெயில் அடிக்காமல் வெளிச்சம் மட்டும் விழுகிறது. அந்த மூன்று தரமும் அறுத்து மாற்றச் சொல்லி, தச்சரிடம் திட்டு வாங்கியதும் நான்தான். காது தப்பாகக் கேட்டது, சரி. ஆனால் காது தப்பாகக் கேட்டுவிட்டு வேறு யாராவது இதைக் கட்டியிருப்பார்களா? ஒரு நல்ல அகலப் படிக்கட்டு கட்டியிருப்பார்கள். வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. மேடையில் வரும் பெருமையை எனக்கு நன்றாகத் தெரியும், அது சூடாக இருக்கும், யாராவது பார்க்கிறார்களா என்று தேடும். இது வேறு. முதுகைத் தாங்கிக்கொண்டிருந்த அந்த மரவிளிம்பைப் போல, பேசாமல் இருந்தது.

நூலகரம்மாவின் அறையில் மூன்றாவது கோப்பையில் காப்பி ஆறிப்போயிருந்தது. ரசமட்டம் தாள்களை விரித்து வைத்திருந்தார்.

"சொல்லுங்கம்மா."

நான் சொல்வதற்குள் நூலகரம்மா முந்திக்கொண்டார். "நான் முதல்ல சொல்லிடறேன். எனக்குப் படி வேணும். புத்தகப் படி. அதுல மாத்தமில்ல. ஆனா கண்ணால பாக்கறதை மறைச்சு எனக்குப் பழக்கமில்ல. அந்தச் சாயம் பூசறவர் தினம் வேலை முடிச்சு வர்றாரு. இப்பத்தான் எழுத்துக் கூட்டக் கத்துக்கிறாரு. பெரியவங்க கூடத்துல உக்காந்தா, கையில இருக்கற புத்தகத்தை யாராவது பாத்துடுவாங்கன்னு கூச்சம். பிள்ளைங்க நாற்காலியில உக்கார உடம்பு கொள்ளாது. படியில யாரு உக்காந்தாலும் பொருந்திப் போயிடுது. இதையும் எழுதிக்குங்க."

"எழுதிட்டேன்," என்றார் ரசமட்டம். "படி நல்லாருக்கு. அது எனக்குக் கை தட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா அவங்க கேட்ட இடத்தை நீங்க தரல. அதுவும் உண்மை. புத்தகம் வைக்க இடமில்லாத நூலகத்துக்கு நான் எப்படிம்மா தேறும்னு எழுதறது? படி போகணும், இல்லன்னா வேற ஏதாவது ஒண்ணு போகணும்."

"மேற்கு மூலையை எடுத்துக்குங்க," என்றேன்.

ஒத்திகை பார்க்காத வாக்கியம். வந்த பிறகுதான் நானே கேட்டேன்.

"அந்தக் கண்ணாடிச் சன்னலா?" நூலகரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அதுக்காகக் குழுவோட அவ்வளவு சண்டை போட்டீங்களே."

"போட்டேன். யாரும் அங்க உக்கார முடியலயே. கண்ணாடியை ஒட்டித் தரையிலேருந்து கூரை வரைக்கும் அலமாரி போட்டுத் தரேன். முழுக்க உங்க படிங்களுக்கு. மேல ஒரு முழம் மட்டும் கண்ணாடி விட்டுடறேன், வானம் தெரிஞ்சாப் போதும்."

"வெயில் பட்டா அட்டை வெளுக்கும்."

"முதுகுப் பக்கம் ரெட்டைப் பலகை, நடுவுல காத்து போக இடம். வெயில் புத்தகத்தைத் தொடாது. அந்த மூலையோட சூடும் குறையும்."

"பிள்ளைங்க பகுதியிலேருந்து தூரமாச்சே."

"நடுவுல இருக்கற தடுப்பை எடுத்துட்டா அடுத்த மூச்சுல வந்துடலாம். அந்தத் தடுப்பு எதையும் தாங்கல. அழகுக்குத்தான் வச்சேன்."

சொல்லச் சொல்ல என் கை ரசமட்டத்தின் தாளிலேயே வரைய ஆரம்பித்துவிட்டது. அவர் தடுக்கவில்லை. நூலகரம்மா எட்டிப் பார்த்தார். இந்த முறை ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டு, "இது என்ன? இது அலமாரிதான? நல்லாச் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அந்தச் சன்னலை இழப்பது வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்த மூலைக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்பதுதான் தெரிந்தது.

ரசமட்டம் எழுதத் தொடங்கினார். மேற்கு மூலை, தடுப்பு, கழிப்பறை அம்புக்குறி, விசைப் பலகை எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு, படிகளுக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"எங்க மதிப்பீட்டுல ஒரு கேள்வி உண்டு. கட்டடத்துல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் எழுதணும். இது யாரோட தேவைக்காக வந்துச்சு, யார் கேட்டதுன்னு. இதுக்கு என்ன எழுத?"

"என் பேரைப் போடாதீங்க," என்றார் நூலகரம்மா அவசரமாக. "எழுத்துலயும் அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு என்னால நடக்க முடியாது."

"பின்ன யாரும் கேக்கலன்னுதான் எழுதணும்." ரசமட்டம் என்னைப் பார்த்தார். "இது குழுவுக்குப் போற தாள்ம்மா. உங்க இதழ்க்காரங்க, மேடைக்காரங்க எல்லாரும் படிப்பாங்க. மக்கள் கேட்டதைக் கட்டறவங்கன்னு உங்களுக்கு ஒரு பேரு இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க. வேற மாதிரி சுத்தி வளைச்சும் எழுதலாம்."

யோசித்தேன். பத்து வயதிலிருந்து கேட்டதைச் செய்தே பேர் வாங்கியவள் நான். வீட்டில், படிக்கும் இடத்தில், வேலை பார்த்த அலுவலகங்களில். யாராவது கேட்க வேண்டும், அப்போதுதான் எனக்குக் கை ஓடும். கேட்காத ஒன்றை நானாகச் செய்ய எனக்குத் துணிச்சல் கிடையாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதனால்தான் இவ்வளவு பெரிய ஆசையை இன்னொருவர் வாயில் வைத்துக் கேட்டுக்கொண்டேனோ என்னவோ. அந்த ஆசை என்னுடையது. முதல் கோட்டிலிருந்து என்னுடையது.

"அப்படியே எழுதுங்க மேடம். யாரும் கேக்கல."

அவர் எழுதினார். முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். சாய்வில்லாத, கோடு போட்டது போன்ற கையெழுத்து. "குழந்தைகள் கூடத்துப் படிகள்: யாரும் கேட்கவில்லை. கட்டடக் கலைஞர் தாமாகக் கட்டினார். இருக்கட்டும்."

கடைசிச் சொல்லை இன்னொரு முறை படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன், எப்போதும் போடுவதைவிடக் கொஞ்சம் பெரிதாக.